வலைக்கண்ணிலிருந்து தொடங்குங்கள்: கடலுக்குக் கடல் மிதவை உயிரிகளை ஒப்பிடும் முறை

வெள்ளாற்று முகத்துவாரத்துக்கு வெளியே முதன்முதலாக பிளாங்டன் (மிதவை உயிரி) வலை போட்ட அன்று, படகுக்கார அண்ணன் வலையை விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, இது வலையா, வேட்டித் துணியா?"

பத்து நிமிடம் இழுத்து, அடிக்குப்பியைக் கழற்றி வெயிலுக்கு நேரே பிடித்துக் காட்டினேன். கஞ்சித் தண்ணீர் போல இருந்ததில் புள்ளிபுள்ளியாகத் துள்ளல். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "இதைவிடப் பொடிசு எல்லாம் கண்ணு வழியாப் போயிருக்குமே, அதை யாரு எண்ணுவா?"

பதில் சொல்லத் தெரியவில்லை. வெள்ளாறு கடலில் சேரும் பரங்கிப்பேட்டையில் எனக்கு அது முதுகலை முதல் வருடம். கோப்பிபாட் என்ற பொடி இறால் போன்ற மிதவை விலங்குகளின் பெயர்களை மனப்பாடம் செய்யவே இரவு போதாது. தப்பித்துப் போனதை நினைக்க நேரம் ஏது? பல வருடம் கழித்து ஆர்க்டிக்கில் ஒரு ஃபியோர்டின் (மலைகளுக்கு நடுவே நீண்டு நுழையும் கடல்) கரையில் உட்கார்ந்து வெள்ளாற்று எண்களையும் அந்த ஊர் எண்களையும் ஒரே தாளில் எழுதியபோதுதான், அண்ணன் கேட்டதே முதல் கேள்வி என்று உறைத்தது.

கையில் சில சாம்பிள் ஜாடிகளோ இணையத்தில் இறக்கிய தரவோ வைத்துக்கொண்டு, "இந்தக் கடலின் மிதவை விலங்குகள் அந்தக் கடலில் உள்ளவற்றிலிருந்து எப்படி வேறுபடுகின்றன" என்று கேட்கும் மாணவர்களுக்காக எழுதுகிறேன். நான் கற்ற வரிசையில் அல்ல, கற்றிருக்க வேண்டிய வரிசையில்.

பெயர் இரண்டாவது

பழைய முறையில் முதலில் இனப்பெயர், பிறகு பட்டியல், பிறகு எந்தக் கடலில் எந்த இனம் என்ற அட்டவணை. பரங்கிப்பேட்டைக் கரையில் அக்கார்ட்டியா, பாராகலானஸ், டெமோரா, ஓய்த்தோனா கிடைக்கும். ஆர்க்டிக்கில் உள்ள நார்வேத் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டில் கலானஸ், சூடோகலானஸ், அங்கேயும் ஒரு ஓய்த்தோனா. இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்தால் "வேறு வேறு" என்பதைத் தவிரச் சொல்ல ஒன்றும் இருக்காது. இட்லியையும் ரொட்டியையும் பெயரால் ஒப்பிடுவது மாதிரிதான். மாவு என்ன, புளித்ததா, ஆவியா தணலா என்று கேட்டால்தான் ஒப்பீடு நகரும்.

அப்படிக் கேட்பதைத்தான் பண்பு முறை என்கிறோம். உடல் எவ்வளவு பெரிது? இரையை எப்படிப் பிடிக்கிறது? முட்டையைத் தண்ணீரில் விடுகிறதா, பையில் சுமக்கிறதா? கொழுப்புச் சேர்க்கிறதா? பகலில் எங்கே, இரவில் எங்கே? கண்ணாடி போல இருக்கிறதா, நிறம் உண்டா? எந்தக் கடலிலும் எந்த விலங்கிடமும் கேட்கக்கூடிய கேள்விகள் இவை.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொடாதீர்கள். மூன்று போதும்: அளவு, தின்னும் விதம், முட்டை விடும் விதம். விலங்கு மிதவையில் எல்லாக் கூட்டத்தையும் சேர்த்து ஆரம்பிக்கவும் வேண்டாம். கோப்பிபாட் மட்டும் எடுங்கள். பெரும்பாலான சாம்பிள்களில் எண்ணிக்கையில் அவைதான் பெரும்பான்மை. பண்புகள் அதிகம் தொகுக்கப்பட்டிருப்பதும் அவற்றுக்குத்தான். சால்ப், சீப்புச் சொறி போன்ற குழகுழ உயிரிகள் வலையிலேயே சிதைந்து போகும். அவற்றுக்குத் தனி வழி வேண்டும். இந்தக் கட்டுரையில் விட்டுவிடுகிறேன்.

வலையின் கண்

உங்களிடம் உள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் வலைக்கண் (வலைத்துளையின் அகலம்) எத்தனை மைக்ரான் என்று எழுதுங்கள்; ஒரு மில்லிமீட்டருக்கு ஆயிரம் மைக்ரான். இதை முடிக்காமல் அடுத்த வேலைக்குப் போகக் கூடாது.

ஏன் இவ்வளவு கறார்? உலகம் முழுக்க ஒரே வலை கிடையாது. 1968-ல் யுனெஸ்கோ வெளியிட்ட பரிந்துரையில் வந்த டபிள்யூபி-2 வலைக்கு வாய் கால் சதுர மீட்டர், கண் 200 மைக்ரான். அதற்கு முன்பே, 1959 முதல் 1965 வரை நடந்த சர்வதேச இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணத்துக்கு என்று செய்த தர வலையின் கண் 330 மைக்ரான். கொச்சியில் வைத்துப் பிரித்து எண்ணிய சாம்பிள்கள் எல்லாம் அந்த வலையில் வந்தவை. வட அட்லாண்டிக்கில் 1931 முதல் சரக்குக் கப்பல்களின் பின்னால் கட்டி இழுக்கும் தொடர் பிளாங்டன் பதிவுப்பெட்டி வேறு கதை. அலிஸ்டர் ஹார்டி வடிவமைத்த அந்தப் பெட்டிக்குள் ஒரு பட்டுத்துணிச் சுருள் ஓடிக்கொண்டே இருக்கும். துணியின் கண் சுமார் 270 மைக்ரான்.

ஒரு விலங்கு வலையில் நிற்க வேண்டுமானால் வலைக்கண் அதன் உடல் அகலத்தில் முக்கால் பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. இது பொதுவான கைக்கணக்கு. நீளத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், அகலம்தான் கணக்கு. ஓய்த்தோனா ஒல்லிக்குச்சி. அரை மில்லிமீட்டருக்கு மேல் நீளம் இருந்தாலும் அகலம் 200 மைக்ரானை ஒட்டியே நிற்கும், பல நேரம் அதற்கும் கீழே. 200 மைக்ரான் வலையில் அதன் குஞ்சுகள் வழுகிப் போய்விடும், பெரியவையும் ஒரு பங்கு போகும். 330 மைக்ரானில் என்ன மிஞ்சும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஓய்த்தோனாதான் உலகக் கடல்களின் மிக முக்கியமான கோப்பிபாடா என்று தலைப்பிலேயே கேட்டு 2001-ல் ஓர் ஆய்வுக்கட்டுரை வந்தது. அவ்வளவு ஏராளமான ஒன்று அவ்வளவு காலம் கண்ணில் படாமல் இருந்ததற்கு ஒரு காரணம் வலைக்கண்.

எனவே ஒரே கண் உள்ள வலையில் வந்த தரவை மட்டும் ஒப்பிடுங்கள். அது முடியாவிட்டால், பெரிய கண்ணில் எது நிச்சயம் நிற்குமோ அந்த அளவுக்கு மேலுள்ள விலங்குகளை மட்டும் இரண்டு பக்கமும் எடுத்துக்கொள்ளுங்கள். தரவு குறையும். குறையட்டும்.

இன்னொன்று, வலை அடைத்துக்கொள்வது. தண்ணீர் பச்சையாக இருக்கும் நாளில், குறிப்பாக மன்னார் வளைகுடாவில் பூங்கோரை (கடலைப் பச்சையாக்கும் நாக்டிலூகா என்ற நுண்ணுயிரியின் பெருக்கம்) பரவியிருக்கும்போது, கொஞ்ச நேரத்திலேயே துணி வழுவழுவென்று அடைத்து, தண்ணீர் வலைக்குள் போகாமல் வாயிலிருந்தே திரும்பி ஓடும். வாயில் ஓட்டமானி கட்டாமல் விட்டால் எவ்வளவு தண்ணீர் வடிகட்டினோம் என்றே தெரியாது. அரை மீட்டர் விட்டமுள்ள வலைக்கு வாய்ப் பரப்பு 0.196 சதுர மீட்டர். நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் பத்து நிமிடம் இழுத்தால் 600 மீட்டர், ஆக சுமார் 118 கன மீட்டர். இது காகிதக் கணக்கு. அடைத்த வலையில் அதில் பாதிகூடப் போயிருக்காமல் இருக்கலாம். அப்படிப்பட்ட நாளில் நேரத்தைக் குறைத்து இரண்டு மூன்று முறை இழுப்பது நல்லது.

ஃபார்மலின் ஊற்றுமுன்

சாம்பிள் மேலே வந்ததும் உடனே ஃபார்மலினை நீட்டாதீர்கள். ஒரு கரண்டி எடுத்துப் பெட்ரித் தட்டில் ஊற்றி, உயிரோடு இருக்கும்போதே கைப்பேசியில் நாலு படம் எடுங்கள். நிறம் ஒரு பண்பு. அதுதான் முதலில் போகும். வெப்பக் கடலின் மேற்பரப்பில் வாழும் பொன்டெல்லா குடும்பத்தைச் சேர்ந்தவை ஆழ்ந்த நீலமாக இருக்கும். திறந்த கடலின் நீலத்தில் மேலிருந்து பார்க்கும் கண்ணுக்குத் தெரியாமல் இருக்க அது உதவுகிறது. புரதத்தோடு கட்டுண்ட ஒரு கரோட்டின் நிறமி அந்த நீலத்தைத் தருகிறது. ஃபார்மலினில் போட்டால் கட்டு குலைந்து நீலம் போய்விடும், நண்டு வெந்தால் சிவக்குமே அது போல. சஃபிரினா என்ற பேரினத்தின் ஆண் இன்னும் வேடிக்கை. ஒரு கோணத்தில் நீலமணி, அடுத்த கணம் ஒன்றுமே இல்லை. தோலுக்கடியில் அடுக்கியிருக்கும் குவானின் படிகத் தகடுகளின் வேலை. அதை ஜாடியில் வைத்து யாருக்கும் காட்ட முடியாது.

ஃபார்மலின் கணக்கில் மாணவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம்: கடையில் வரும் ஃபார்மலினில் ஃபார்மால்டிஹைடு 37 முதல் 40 சதவீதம்தான். அதில் ஒரு பங்கும் சாம்பிள் ஒன்பது பங்கும் சேர்த்தால் கிடைப்பது பத்து சதவீத ஃபார்மலின்; அதையே நான்கு சதவீத ஃபார்மால்டிஹைடு என்றும் எழுதுவார்கள். இரண்டும் ஒன்று. இது புரியாமல் "நான்கு சதவீதம்" என்று படித்துவிட்டு ஃபார்மலினையே நான்கு சதவீதம் ஊற்றி, ஒரு பருவத்துச் சாம்பிளை அழுகவிட்ட ஆளை எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன்.

போராக்ஸ் சேர்க்க மறக்காதீர்கள். சேர்க்காவிட்டால் அமிலமேறி, டெரோபாட் போன்ற சிறகுக்கால் நத்தைகளின் ஓடு கரைந்து, ஓடில்லாத இனம் என்று எழுத வேண்டி வரும். காற்றோட்டமான இடம், கையுறை. சீட்டைப் பென்சிலால் எழுதி ஜாடிக்குள்ளேயே போடுங்கள், பேனா மை கரையும். அதில் இடம், தேதி, வலைக்கண், ஆழம் ஆகியவற்றோடு நேரமும் இருக்கட்டும். நேரம் எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

அளவெடுப்பு

கோப்பிபாட்டின் மொத்த நீளத்தை அளக்காதீர்கள். வால் பகுதி மடங்கும், வால்முனை முள்கள் ஒடியும். தலை நுனியிலிருந்து, அகன்ற பகுதி முடிந்து உடல் குறுகும் இடம் வரை உள்ள முன்னுடலை மட்டும் அளங்கள். மல்லாந்தோ குப்புறவோ நேராகக் கிடப்பதை எடுங்கள். கோணிக் கிடந்தால் ஊசியால் திருப்புங்கள். ஒப்பீட்டுக்கு வளர்ந்த பெண்களே நல்லது. முட்டையிலிருந்து வந்ததும் ஆறு நாப்ளியஸ் (புழு) பருவம், பிறகு ஐந்து குஞ்சுப் பருவம் தாண்டித்தான் முழு வளர்ச்சி வருகிறது. பருவத்தைக் கலந்து அளந்தால் நீங்கள் அளப்பது கடலை அல்ல, பிரசவ காலத்தை.

நுண்ணோக்கியின் உருப்பெருக்கத்தை மாற்றினால் கண்வில்லை அளவுகோலை மறுபடி சரிபார்க்க வேண்டும். இதைச் சொல்லத் தேவையே இல்லை என்று நினைத்திருந்தேன், மாற்றிவிட்டு மூன்று நாள் மறந்து அளந்த வரை. ஓய்த்தோனா எல்லாம் திடீரென இரு மடங்கு வளர்ந்திருந்தன. ஒரு மணி நேரம் பெரிய கண்டுபிடிப்பு என்றே நம்பினேன்.

இணையத் தரவோடு சேர்க்கும்போது இன்னொரு பள்ளம் உண்டு. பிரான்சின் பான்யூல்ஸ் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்தவர்கள் தொகுத்த கோப்பிபாட் தளத்தில் இனம்தோறும் பெண், ஆண் நீளங்கள் கிடைக்கும், அருமையான களஞ்சியம். ஆனால் அங்கே பொதுவாக இருப்பது மொத்த நீளம். உங்களுடையது முன்னுடல் நீளம். மாற்றாமல் அட்டவணையின் ஒரே பத்தியில் போட்டால் உங்கள் கடல்தான் எப்போதும் சின்ன உயிர்களின் கடலாகத் தெரியும்.

இனி நான் பார்த்த வித்தியாசம். வெள்ளாற்றுக் கரையில் தண்ணீர் 28, 29 டிகிரி. முன்னுடல் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டினாலே அதைப் பெரியது என்போம். ஸ்வால்பார்டில் நீ-ஓலசுன் என்ற சிற்றூரில் 2008 முதல் ஹிமாத்ரி என்ற இந்திய ஆய்வு நிலையம் இருக்கிறது. அதன் முன்னால் விரியும் கொங்ஸ்ஃபியோர்டனில் கோடையிலும் தண்ணீர் ஐந்தாறு டிகிரிதான். அங்கே முதல் குப்பியை வெளிச்சத்தில் பிடித்தபோது என் கண்ணை நம்பவில்லை. அரிசி மணிகள்! வெறும் கண்ணுக்கே உணர்கொம்பு தெரிந்தது. கலானஸ் ஹைப்பர்போரியஸ் என்ற இனத்தின் பெண்ணுக்கு முன்னுடலே ஆறு மில்லிமீட்டரைத் தாண்டும். 0.6 மில்லிமீட்டர் பாராகலானஸோடு ஒப்பிட்டால் நீளத்தில் பத்து மடங்கு. பருமன் நீளத்தின் மும்மடிப் பெருக்கத்தில் போவதால் உடல் ஆயிரம் மடங்கு. அங்கே ஒன்று, இங்கே ஆயிரம்.

குளிர்ந்த கடலில் பெரிது, சூடான கடலில் சிறிது என்பது கோப்பிபாட்களில் பெருங்கடல்கள் தோறும் திரும்பத் திரும்பத் தெரியும் வரிசை. வெப்பம் கூடும்போது வளர்ச்சியைவிட முதிர்ச்சி அதிகமாக வேகமெடுக்கிறது. சிறிய உடலிலேயே பருவத்துக்கு வந்துவிடுகின்றன. ஒரே இனத்துக்குள்ளும் குளிர்காலத் தலைமுறை பெரிதாக இருப்பதைப் பார்க்கலாம்.

பறவை பெயர் கேட்பதில்லை

கொங்ஸ்ஃபியோர்டனில் எனக்குக் கிடைத்த பெரிய பாடம் இது. அங்கே அட்லாண்டிக் நீரும் ஆர்க்டிக் நீரும் கலக்கும். அட்லாண்டிக் நீரோடு வருவது கலானஸ் ஃபின்மார்கிகஸ், ஆர்க்டிக் நீருக்குரியது கலானஸ் கிளேசியாலிஸ். இரண்டும் அச்சு அசல் இரட்டையர். பல வருடமாக அளவை வைத்தே பிரித்தார்கள்: சுமார் மூன்று மில்லிமீட்டருக்குக் கீழே முன்னது, மேலே பின்னது. உணர்கொம்பின் சிவப்பை நம்பலாம் என்றும் சொன்னார்கள். மரபணுவைப் பார்த்து 2018-ல் வந்த ஆய்வு, அளவு ஒன்றன்மேல் ஒன்று கவிகிறது, சிவப்பும் எல்லா இடத்திலும் கைகொடுக்காது என்று காட்டியது. அளவை வைத்துப் பெயர் எழுதிய பழைய அட்டவணைகளில் எத்தனை கிளேசியாலிஸ் ஃபின்மார்கிகஸாக உட்கார்ந்திருக்கிறதோ.

இனப்பட்டியல் போட்டவர்களுக்கு அது தலைவலி. தனித்தனி உடலின் நீளத்தை எழுதி வைத்திருந்தவர்களுக்கு நட்டம் இல்லை, அளவு அளவாகவே நிற்கிறது. அதைத் தின்னும் ஜீவனுக்கும் முக்கியம் அதுதான். ஸ்வால்பார்டுப் பாறைகளில் கூடு கட்டும் லிட்டில் ஆக் என்ற சிறு கடற்பறவை, தொண்டைப் பையில் கோப்பிபாட்களை நிரப்பிக்கொண்டு குஞ்சுக்குப் பறக்கும். பெரிய, கொழுத்த கலானஸ் கிடைத்தால் ஒரு பறப்பில் அதிகக் கொழுப்பு. சிறியதே கிடைத்தால் அதே கொழுப்புக்குப் பல மடங்கு பிடிக்க வேண்டும்.

ஆகவே உங்கள் தாளில் "இனம், எண்ணிக்கை" என்ற இரண்டு பத்தியோடு நிறுத்தாதீர்கள். தனி உடல் ஒவ்வொன்றின் நீளத்துக்கும் ஒரு வரி. கை வலிக்கும். பெயர் நாளை மாறினாலும் அந்த வரி செல்லும்.

தீனி, முட்டை, கொழுப்பு

தின்னும் விதத்தை ஜாடியில் பார்க்க முடியாது. இனத்தையோ பேரினத்தையோ வைத்து அட்டவணையிலிருந்துதான் எடுக்க வேண்டும். பெயர் தேவைப்படும் இடம் இதுதான். கோப்பிபாட்களின் பதினான்கு பண்புகளைத் திரட்டி 2017-ல் வெளிவந்த திறந்த தரவுத்தொகுப்பு ஒன்று இருக்கிறது, அதிலிருந்து தொடங்குங்கள். சுருக்கம் இது: ஓய்த்தோனா பதுங்கி இருக்கும், அசையாது. இரை அசைந்தால் நீரின் அதிர்வில் உணர்ந்து பாயும். கலானஸும் பாராகலானஸும் வாயுறுப்புகளை அடித்து நீரோட்டம் உண்டாக்கி, வருவதைப் பொறுக்கும். அக்கார்ட்டியா நேரத்துக்குத் தகுந்தபடி இரண்டும் செய்யும். அதை ஏதாவது ஒரு கட்டத்தில் அடைத்தே தீர வேண்டும் என்று அடம்பிடிக்காமல் இரண்டு கட்டத்திலும் பாதி பாதி போடுங்கள்.

இதைக் கடலோடு சேர்த்துப் படித்தால்தான் சுவை. வெப்பமண்டலத்தை ஒட்டிய பெருஞ்சுழல்களின் நடுவே ஊட்டம் குறைவு. அங்கே விளையும் தாவர மிதவை பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் குறைவான பொடி. எந்தக் கோப்பிபாட்டின் வடிகட்டியிலும் நிற்காது. அந்தப் பொடியைத் தின்பவை நுண்ணிய ஒருசெல் உயிரிகள். அவை நீந்தும். நீந்துவதைத்தான் பதுங்கி இருப்பது பிடிக்கும். ஆகவே அங்கே சின்ன உடலும் பதுங்கும் பழக்கமும் செல்லுபடியாகின்றன. வடக்கே வசந்தத்தில் டயட்டம் என்ற பெரிய தாவர மிதவை கொழித்துக் கிடக்கும், டயட்டம் அசையாது. பதுங்கி இருப்பதற்கு அது இருந்தும் இல்லாதது மாதிரி. நீரோட்டம் உண்டாக்குவதற்கு விருந்து.

முட்டைக்கு ஓய்த்தோனா நல்ல உதாரணம்: இடுப்பில் இரண்டு பை, பள்ளிப்பிள்ளையின் புத்தகப் பை போல. கலானஸ் முட்டையைத் தண்ணீரில் விட்டுவிட்டுப் போகும். அதிகம் விடும், அதிகம் சாகும். பை சுமப்பது குறைவாக இடும், இட்டதைக் காக்கும். ஃபார்மலினில் பைகள் கழன்று அடியில் கிடக்கும், அவற்றைத் தனியாக எண்ணுங்கள். இல்லையென்றால் பை சுமக்கும் பெண்களை எல்லாம் மலடாக்கிவிடுவீர்கள். மாக்ரோசெட்டெல்லா என்ற ஊசிபோன்ற கோப்பிபாட் இந்த இரண்டு கட்டத்துக்குள்ளும் முழுதாக அடங்காது. அதன் குஞ்சுகள், கடல் மேல் மரத்தூள் கொட்டியது போல மிதக்கும் ட்ரைகோடெஸ்மியம் என்ற நுண்பாசியின் இழைகளைப் பற்றிக்கொண்டு வளரும். அப்படி ஒன்று சிக்கினால் ஓரத்தில் குறிப்பு எழுதிவிட்டு நகருங்கள்.

கொழுப்பு உயிரோடு இருக்கும்போதே தெரியும்: ஆர்க்டிக் கலானஸின் முதுகு நீளத்துக்கும் எண்ணெய் நிறைந்த ஒரு பை பளபளக்கும். வருடத்தில் சில மாதமே தீனி. மீதிக் காலம் ஆழத்துக்குப் போய், அந்த மெழுகுக் கொழுப்பில் உறங்கும். நம் கரையில் பன்னிரண்டு மாதமும் ஏதோ கிடைக்கும், தலைமுறை வாரக்கணக்கில் முடியும், சேமிப்பு தேவையில்லை. அதனால் "கொழுப்பு குளிர்க் கடலின் பண்பு" என்று எழுதிவிடத் தோன்றும். எழுதாதீர்கள். சோமாலியா, ஓமான் கரையோரம் தென்மேற்குப் பருவக்காற்றில் ஆழ்நீர் மேலெழும் காலத்தில் கலனாய்டஸ் என்ற கோப்பிபாட் பெருகும். காற்று ஓய்ந்ததும் கொழுப்போடு ஐந்தாம் குஞ்சுப் பருவத்தில் ஆழத்துக்கு இறங்கி, அடுத்த பருவக்காற்றுக்குக் காத்திருக்கும். வெப்பமண்டலத்தில் ஒரு குளிர்காலத் தூக்கம். தீனி விட்டு விட்டு வரும் இடத்தில் சேமிப்பு வருகிறது. குளிர் அதற்குக் கட்டாயமில்லை.

கணக்கு

சாம்பிளில் பெரியவற்றை முழு ஜாடியிலும் எண்ணுங்கள். சிறியவற்றுக்குப் பங்கு பிரித்து, மொத்தம் முந்நூறு நானூறு தலையாவது வரும்வரை எண்ணுங்கள். பிறகு சராசரிப் பண்பு.

கணக்குக்காக நூறு கோப்பிபாட் வைத்துக்கொள்வோம். 80 ஓய்த்தோனா 0.5 மி.மீ., 15 பாராகலானஸ் 0.7 மி.மீ., 5 டெமோரா 1 மி.மீ. தலைக்கணக்கில் சராசரி 0.555 மி.மீ. உடல் எடைக்கு நீளத்தின் மும்மடியைப் பதிலியாக வைத்து எடையிட்டால் 0.675 மி.மீ. இரண்டும் சரிதான். முதலாவது "வலையில் கைவிட்டால் எது கிடைக்கும்", இரண்டாவது "மீனுக்குத் தீனியாக எது போகும்". எதைப் போட்டீர்கள் என்று எழுதுங்கள்.

இப்போது அதே தண்ணீரில் பெரிய கண் வலையைப் போட்டு, ஓய்த்தோனாவில் முக்கால் பங்கு தப்பியது என்று வையுங்கள். மிச்சம் 20. தலைக்கணக்குச் சராசரி 0.64-க்கு ஏறும், எடைக்கணக்கு 0.78-க்கு. இரண்டிலும் சுமார் 15 சதவீத உயர்வு. கடல் மாறவில்லை, டிகிரி மாறவில்லை, துணி மாறியது. வெள்ளாற்றையும் கொங்ஸ்ஃபியோர்டனையும் பிரிக்கும் வித்தியாசம் இதை எளிதில் தாங்கும். வங்கக் கடலையும் அரபிக்கடலையும் பிரிக்கும் வித்தியாசம் தாங்குமா என்பது வேறு விஷயம். என் முதல் ஒப்பீட்டு வரைபடத்தில் அரபிக்கடல் பக்கம் பழைய 330 மைக்ரான் எண்கள், வங்கக் கடல் பக்கம் என் 200 மைக்ரான் எண்கள். அரபிக்கடல் உயிர்கள் அழகாகப் பெரிதாக வந்தன. காரணமும் எழுதி வைத்திருந்தேன், ஒரு பக்கத்துக்கு.

நேரம்

சீட்டில் நேரம் எழுதச் சொன்னேனே. பெரிய கோப்பிபாட்கள் பல பகலில் ஆழத்தில், இரவில் மேலே. ஒரு கடலைப் பகலிலும் இன்னொன்றை இரவிலும் இழுத்தால் வெளிச்சத்தைத்தான் ஒப்பிடுகிறீர்கள். அரபிக்கடலில் இது மேலும் சிக்கல். சுமார் 150 மீட்டரிலிருந்து ஆயிரம் மீட்டர் வரை ஆக்சிஜன் மிகக் குறைந்த அடுக்கு ஒன்று கிடக்கிறது; பல உயிர்களால் உள்ளே போக முடியாமல் மேல்நீரிலேயே நெரிபடும். ப்ளூரோமாமா இண்டிகா போன்றவை மட்டும் பகலில் அந்த மூச்சுமுட்டும் அடுக்குக்குள் இறங்கி, இரவில் ஏறும். உடலின் ஒரு பக்கம் திருஷ்டிப் பொட்டு போல ஒரு கரும்பொட்டு இருக்கும், கண்டுபிடிப்பது எளிது. இரவுச் சாம்பிளில் அது நிறைய, பகலில் மேலே தேடினால் இல்லை. அளவோடு "ஆக்சிஜன் குறைவைத் தாங்குமா" என்று ஒரு பத்தியும் அங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். வேறு பல கடல்களில் அந்தப் பத்தி வெறுமையாகவே இருக்கும்.

வெப்பமா, தீனியா, எது அளவைத் தீர்மானிக்கிறது என்று கேட்டால் பொதுவாக இரண்டும் சேர்ந்தே மாறும், பிரிக்க முடியாது. பிரிக்க ஒரு தந்திரம்: ஒரே வெப்பம், வேறு தீனி உள்ள இரண்டு இடத்தைத் தேடுங்கள். நம் ஆற்று முகத்துவாரக் கரையும், நன்னீர் மேலே படர்ந்து கீழிருந்து ஊட்டம் ஏறவிடாத நடு வங்கக் கடலும் அப்படி ஒரு ஜோடி. காலத்தால் பிரிப்பதென்றால் வட அட்லாண்டிக் தொடர்பதிவு மாதிரி நீண்ட தரவு வேண்டும். வடகிழக்கு அட்லாண்டிக்கில் 1960-க்கும் 1999-க்கும் இடையே வெப்பநீர்க் கோப்பிபாட்கள் பத்து அட்சரேகை அளவுக்கு வடக்கே நகர்ந்ததை அதில்தான் கண்டார்கள். அதைக் காண முடிந்ததற்குக் காரணம், அத்தனை வருடமும் துணியின் கண்ணை அவர்கள் மாற்றாததுதான்.

போன மாசியில் வெள்ளாற்றுக்கே திரும்பப் போனேன். இம்முறை இரண்டு வலை, 200 மைக்ரான் ஒன்று, 100 மைக்ரான் ஒன்று, ஒரே சட்டத்தில் பக்கம் பக்கமாக. அதே அண்ணன்தான், மகன் எஞ்சினைப் பிடிக்க, அவர் கயிற்றைப் பிடித்தார். இரண்டு குப்பியையும் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். நுண்கண் வலையின் குப்பி பாயசம் போலக் கெட்டியாக இருந்தது. இரண்டையும் மாற்றி மாற்றி வெயிலில் பார்த்தார்.

"இத்தனை வருசமா இதை விட்டுட்டா எண்ணிட்டு இருந்த?" என்றார்.